சந்தா கட்டிய முன்னோர்: சகோதரச் சங்கப் பதிவேடுகளில் குடும்பத்தைத் தேடுதல்

1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தின் நிலவறையில் தீப்பிடித்தது. 1890-ம் ஆண்டு அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் தாள்கள் அங்கேதான் அடுக்கப்பட்டிருந்தன. தீயிலும் தண்ணீரிலும் போனது போக மிஞ்சியதில் பெரும்பகுதியைப் பின்னாளில் அரசே அழித்துவிட்டது. அதனால் அமெரிக்காவில் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு 1880 கணக்கெடுப்புக்கும் 1900 கணக்கெடுப்புக்கும் நடுவே இருபது ஆண்டுகள் வெற்றிடம். 1881-ல் பிறந்து 1899-ல் இறந்த ஒருவரின் பெயர் தேசியக் கணக்கெடுப்பு எதிலும் இன்று அநேகமாகக் கிடைக்காது.

அயர்லாந்தின் நிலைமை இன்னும் மோசம். 1922 ஜூன் மாதம் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் நடந்த சண்டையில் அரசு ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரை எடுத்த கணக்கெடுப்புகளில் பெரும்பாலானவை சாம்பலாயின. 1861 முதல் 1891 வரை எடுத்தவற்றை அரசு அதற்கு முன்பே அழித்திருந்தது.

அரசு தொலைத்த இந்தக் காலத்தைச் சந்தா வாங்கிய சங்கங்கள் பல இடங்களில் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஃப்ரீமேசன்கள், ஆட் ஃபெலோஸ், நைட்ஸ் ஆஃப் பித்தியாஸ், உட்மென், ஃபாரஸ்டர்ஸ் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊருக்கு ஊர் கிளை பரப்பிய சகோதரச் சங்கங்களைச் சொல்கிறேன். கொல்லரும் கடைக்காரரும் சுரங்கத் தொழிலாளியும் வக்கீலும் மாலையில் ஒரே மாடி அறையில் கூடினார்கள். இவற்றில் பலவற்றின் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். இந்த அத்தியாயத்தில் அந்தச் சொல் வரும் இடமெல்லாம் சங்கக் கிளையைத்தான் குறிக்கும்.

இவை ரகசியச் சங்கங்கள் ஆயிற்றே, வெளியாளுக்கு என்ன கிடைக்கும் என்று பலரும் தொடக்கத்திலேயே கைவிட்டுவிடுகிறார்கள். சடங்குகளும் அடையாளச் சைகைகளும்தான் ரகசியமாக இருந்தன. யார் சேர்ந்தார், எவ்வளவு கட்டினார், எப்போது நிறுத்தினார், அவர் இறந்தபின் பணம் யாருக்குப் போனது என்பதையெல்லாம் செயலாளர் தெளிவாக எழுதி வைத்தார், மேலிடத்துக்கும் ஆண்டுதோறும் அனுப்பினார். நம் ஊரில் சீட்டுப் பிடிப்பவரின் நோட்டில் எழுத்துப் பிசகாமல் இருப்பதற்கு எது காரணமோ அதுவே இதற்கும் காரணம்.

பணம் போன வழி

குடும்ப வரலாற்றுக்காகத் தேடும்போது சங்கங்களை இரண்டு வகையாகப் பார்ப்பது நல்லது. ஃப்ரீமேசன்களைப் போன்ற முதல் வகையில் சடங்கும் தோழமையும் முதன்மை. உதவி உண்டு, ஆனால் அது சங்கத்தின் மனம் சார்ந்தது. இரண்டாவது வகை, நோய்க்கும் சாவுக்கும் இவ்வளவு பணம் என்று வாக்குக் கொடுத்துச் சேர்த்த சங்கங்கள். எல்லோரும் முதல் வகையைத்தான் தேடுகிறார்கள், புகழ் அங்கே இருப்பதால். குடும்பமோ இரண்டாம் வகையில்தான் நிறைய எழுதப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் இரண்டாம் வகைக்கு முன்னோடி, ஏன்ஷியன்ட் ஆர்டர் ஆஃப் யுனைடெட் ஒர்க்மென். 1868-ல் பென்சில்வேனியாவின் மீட்வில் ஊரில் ஜான் ஜோர்டன் அப்சர்ச் என்ற ரயில்வே பட்டறை மெக்கானிக் தொடங்கியது. உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போடவேண்டும். திரண்ட பணம், 2,000 டாலருக்கு மேற்படாமல், இறந்தவரின் குடும்பத்துக்குப் போகும். ஆயுள் காப்பீடு பணக்காரர்களின் சமாச்சாரமாக இருந்த காலத்தில் கூலிக்காரரின் மனைவிக்கு இது எத்தனை பெரிய தொகை என்று எண்ணிப் பாருங்கள். மாடர்ன் உட்மென் ஆஃப் அமெரிக்கா (1883), உட்மென் ஆஃப் தி வேர்ல்ட் (1890), கத்தோலிக்கர்களுக்கான நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் (1882) ஆகியவையும் இப்படிக் காப்பீடு கொடுத்தவைதாம்.

வாக்குக் கொடுத்த சங்கம் ஆளைச் சேர்க்குமுன் விசாரிக்கும். அங்கேதான் நமக்கு வாசல் திறக்கிறது. காப்பீட்டு விண்ணப்பத்தில் பிறந்த தேதி, பிறந்த ஊர், தொழில் இருக்கும். தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா, இல்லையென்றால் எந்த வயதில் எந்த நோயால் இறந்தார்கள், உடன்பிறந்தவர்கள் எத்தனை பேர், குடும்பத்தில் யாருக்காவது காசநோய் உண்டா என்றெல்லாம் கேட்டு எழுதியிருப்பார்கள். மருத்துவர் பரிசோதித்த தாளில் உயரமும் எடையும்கூட இருக்கும். கடல் கடந்து வந்துவிட்ட ஒருவரின் தாய் அயல்நாட்டில் எந்த வயதில் எதனால் இறந்தார் என்பதை இந்த ஒரு தாளைத் தவிர வேறெதுவும் சொல்லாமல் போகலாம்.

அடுத்தது வாரிசு நியமனம். தன் மறைவுக்குப் பின் பணம் யாருக்கு என்பதை உறுப்பினர் பெயரும் உறவும் சொல்லி எழுதிக் கொடுத்தார். அந்தப் பெயர் மாறும்போதெல்லாம் தேதியோடு பதிவானது. முதலில் தாயின் பெயர், பிறகு மனைவியின் பெயர், சில ஆண்டுகள் கழித்து வேறொரு பெண்ணின் பெயர், அவருக்கும் ‘மனைவி’ என்றே உறவு. திருமணப் பதிவும் இறப்புப் பதிவும் இல்லாத ஊரில் இந்த மூன்று வரிகள் ஒரு திருமணத்தையும் ஒரு சாவையும் ஒரு மறுமணத்தையும் காட்டிக்கொடுக்கும். மகளின் பெயர் இருந்தால் மணமானபின் அவர் ஏற்ற குடும்பப் பெயரும் கிடைக்கக்கூடும். பெண்கள் தடம் மறைந்துபோவது அந்த இடத்தில்தான் என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

கடைசியாக, சாவுக்குப் பின் கொடுத்த பணத்தின் கோப்பு. இறப்புச் சான்று, மருத்துவர் எழுதிய காரணம், பணம் பெற்றவரின் கையொப்பம், பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தால் காப்பாளராக நின்றவரின் பெயர் எல்லாம் ஒரே கட்டில் இருக்கும். கோப்பு அழிந்திருந்தாலும் சோர வேண்டாம். இறந்தவரின் பெயர், லாட்ஜ் எண், வயது, காரணம், கொடுத்த தொகை ஆகியவற்றைப் பல சங்கங்கள் தங்கள் மாத இதழில் அச்சிட்டன. அந்த இதழ்களில் சில இன்று மின்நூலகங்களில் தேடக் கிடைக்கின்றன.

இந்த இரண்டு வகைக்கும் நடுவே நிற்கிறது இண்டிபெண்டண்ட் ஆர்டர் ஆஃப் ஆட் ஃபெலோஸ். 1819 ஏப்ரல் 26-ல் பால்டிமோரில் தாமஸ் வைல்டி தொடங்கிய அமெரிக்கச் சங்கம் இது. நோயாளியைப் போய்ப் பார்ப்பது, நொந்தவருக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது, அனாதைப் பிள்ளையைப் படிக்கவைப்பது ஆகிய நான்கும் உறுப்பினரின் கடமை. நோயில் படுத்தவருக்கு வாரந்தோறும் உதவித்தொகை போனது. இரவில் அவரருகே கண்விழித்து உட்கார ஆள் அனுப்பினார்கள். இவையெல்லாம் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏறின. ஒருவரின் கடைசி நோயை வாரக்கணக்கில் அந்தக் குறிப்புகளில் படிக்க முடியும். அவருடைய பேரனுக்குப் பேரன் அதைப் படிக்கும்போது கிடைப்பது தகவலுக்கும் மேலான ஒன்று.

கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்குமான இல்லங்களின் பதிவுகளையும் மறந்துவிடக் கூடாது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவிலில் 1867-ல் ஃப்ரீமேசன்கள் இப்படி ஓர் இல்லம் அமைத்தார்கள். இங்கிலாந்தில் 1788-லேயே பெண் குழந்தைகளுக்கும் 1798-ல் ஆண் குழந்தைகளுக்கும் கல்வி உதவி அமைப்புகளைத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும்படி தாய் கொடுத்த மனுவில் தகப்பனின் தொழில், லாட்ஜ், மறைவு, மற்ற பிள்ளைகளின் விவரம் இருக்கும். உங்கள் முன்னோர் 1880-களில் இளம் வயதில் இறந்து பிள்ளைகள் திடீரென்று கணக்கெடுப்பில் காணாமல் போயிருந்தால் இந்த இல்லங்களைத் தேடுங்கள்.

எந்தச் சங்கம், எந்தக் கிளை

எந்த லாட்ஜ் என்று தெரியாமல் எந்தப் பதிவும் கிடைக்காது. சங்கத்தின் பெயர், கிளையின் பெயர், எண், ஊர் ஆகிய நான்கும் வேண்டும். அமெரிக்காவில் ஃப்ரீமேசன்களுக்கு நாடு முழுவதற்குமான தலைமை கிடையாது. மாநிலத்துக்கு ஒரு கிராண்ட் லாட்ஜ், ஒவ்வொன்றும் தனி அதிகாரம். ‘என் பூட்டனார் ஃப்ரீமேசன், விவரம் வேண்டும்’ என்று ஒரே இடத்துக்கு எழுதிப் பயனில்லை.

முதலில் வீட்டைத் துழாவுங்கள். பழைய பெட்டியில் இருக்கும் மோதிரம், கடிகாரச் சங்கிலியில் தொங்கும் பதக்கம், இடுப்பில் கட்டும் சிறு ஏப்ரன், சுவரில் மாட்டியிருந்த சான்றிதழ், கூட்டமாக எடுத்த புகைப்படத்தில் மார்பின் குறுக்கே பட்டை என்று ஏதாவது ஒன்று அகப்படும். மூலைமட்டமும் கவராயமும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தால் ஃப்ரீமேசன். மூன்று வளையம் கோத்த சங்கிலி என்றால் ஆட் ஃபெலோஸ். ஐந்து முனை நட்சத்திரத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு சின்னம் இருந்தால் ஆர்டர் ஆஃப் தி ஈஸ்டர்ன் ஸ்டார், ஃப்ரீமேசன்களின் வீட்டுப் பெண்கள் சேர்ந்த அமைப்பு.

இதே சின்னங்களைக் கல்லறைக் கல்லிலும் தேட வேண்டும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டை போலவே செதுக்கிய கல்லைப் பார்த்தால் உட்மென் ஆஃப் தி வேர்ல்டை நினைத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் ஜோசப் கலன் ரூட் தொடங்கிய இந்தச் சங்கம் காப்பீட்டோடு நினைவுக்கல்லும் சேர்த்துக் கொடுத்து வந்தது. பேசாதிருந்தும் பேசுகிறான் என்ற பொருளில் லத்தீன் வாசகம் ஒன்று அந்தக் கற்களில் இருக்கும். கல்லைப் படமெடுக்கும்போது பக்கவாட்டையும் பின்புறத்தையும் சேர்த்து எடுங்கள். கிளையின் எண் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

கிளைக்கு எல்லாச் சங்கமும் லாட்ஜ் என்று பெயர் வைக்கவில்லை. உட்மெனுக்கு ‘கேம்ப்’, ஃபாரஸ்டர்ஸுக்கு ‘கோர்ட்’, நைட்ஸ் ஆஃப் கொலம்பஸுக்கு ‘கவுன்சில்’, அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களின் சங்கத்துக்கு ‘போஸ்ட்’. இரங்கல் செய்தியில் கோர்ட் என்று வந்தால் வழக்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

வீட்டிலும் கல்லிலும் ஒன்றும் இல்லையென்றால் உள்ளூர்ச் செய்தித்தாள் கைகொடுக்கும். இரங்கல் செய்தியில் இறுதிச் சடங்கை நடத்திய சங்கத்தின் பெயரும் நன்றி அறிவிப்பில் உதவிய சங்கத்தின் பெயரும் வரும். ஊர் முகவரிப் புத்தகங்களில் எல்லா லாட்ஜுகளும் கூடும் கிழமையும் இடமும் நிர்வாகிகளும் அச்சாகியிருக்கும். உங்கள் முன்னோர் குடியிருந்த தெருவுக்கு நடை தூரத்தில் எவை இருந்தன என்று குறித்துக்கொண்டு அவற்றிலிருந்து தொடங்கலாம். அவர் ஒன்றோடு நின்றிருக்க மாட்டார் என்பதையும் நினைவில் வையுங்கள். சடங்குக்கு ஒன்று, காப்பீட்டுக்கு ஒன்று என்று சேருவது அன்று சாதாரணம்.

பதிவேட்டைப் படிப்பது

ஃப்ரீமேசன் பதிவில் பெயருக்கு எதிரே மூன்று தேதிகள் இருக்கும். சேர்க்கப்பட்டது, இரண்டாம் படிக்குப் போனது, மூன்றாம் படியில் முழு உறுப்பினரானது. சேர இருபத்தொரு வயது நிறைந்திருக்க வேண்டும் என்பது நெடுங்கால விதி. எனவே பிறந்த ஆண்டு தெரியாதவருக்கு ஒரு கடைசி எல்லை கிடைத்துவிடுகிறது. மகன் தகப்பனின் லாட்ஜிலேயே சேர்ந்திருந்தால், பெயரைப் பரிந்துரைத்தவர்கள் யார் என்று பாருங்கள். தாய்மாமனோ மாமனாரோ தொழில் கூட்டாளியோ அங்கே நிற்பார்.

நான் மிகவும் மதிக்கும் சொல் ‘டிமிட்’. சந்தா பாக்கி இல்லாமல் முறைப்படி விலகிப்போக அனுமதி என்று பொருள். பெரும்பாலும் ஊர் மாறப்போகிறவர்தான் அதை வாங்குவார், புதிய ஊரில் அதைக் காட்டிச் சேர்ந்துகொள்வார். ஓஹாயோவில் ஒருவர் 1878 மார்ச்சில் டிமிட் வாங்கினார், கான்சஸில் 1879 நவம்பரில் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். குடும்பம் எப்போது மேற்கே நகர்ந்தது என்ற கேள்வி பத்தாண்டு இடைவெளியிலிருந்து இருபது மாதத்துக்குச் சுருங்கிவிடுகிறது. அதோடு, வந்து சேர்ந்த லாட்ஜின் பதிவில் முந்தைய லாட்ஜின் பெயரும் எண்ணும் இருக்கும். வந்த ஊரிலிருந்து பின்னோக்கிப் போக இதைவிட நல்ல வழி குறைவு.

சந்தா கட்டாததால் நீக்கம் என்ற குறிப்பும் நிறைய வரும். அதைக் கண்டு முன்னோரைப் பற்றித் தவறாக எண்ண வேண்டியதில்லை. 1893-ல் அமெரிக்க வங்கிகள் சரிந்தன, 1930-களில் பெருமந்தம் வந்தது. அந்த ஆண்டுகளில் ஒருவர் நீக்கப்பட்டிருந்தால் அந்த வீட்டில் பணம் எப்போது நின்றது என்பதற்கு அதுவே தடயம்.

தேதிகளில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஃப்ரீமேசன் ஆவணங்கள் உலகம் படைக்கப்பட்ட ஆண்டிலிருந்து எண்ணுவதாகச் சொல்லி 4,000-ஐக் கூட்டி எழுதும். 5887 என்று இருந்தால் 1887. இம்ப்ரூவ்ட் ஆர்டர் ஆஃப் ரெட் மென் என்ற சங்கமோ கொலம்பஸ் கரையிறங்கிய 1492-ஐ முதல் ஆண்டாக வைத்தது. அவர்களின் 400, நமக்கு 1891. மாதங்களுக்கும் நிலவுப் பெயர்கள் சூட்டியிருப்பார்கள். முதலில் அசல் தேதியை உள்ளபடியே எழுதிக்கொண்டு பக்கத்தில் மாற்றிய தேதியை எழுதுங்கள். மாற்றியதை மட்டும் எழுதி வைத்தால் பின்னால் சரிபார்க்க வழி இருக்காது.

கிராண்ட் லாட்ஜுகள் ஆண்டுதோறும் அச்சிட்ட நடவடிக்கைத் தொகுப்புகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பல மாநிலங்களில் ஒவ்வொரு லாட்ஜின் உறுப்பினர் பட்டியலும் அவ்வாண்டு இறந்தவர், விலகியவர், நீக்கப்பட்டவர் பெயர்களும் அதில் முழுமையாக வந்தன. 1906 நிலநடுக்கமும் தீயும் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆவணங்களை அழித்தபோதும், 1850-ல் தொடங்கிய கலிஃபோர்னியா கிராண்ட் லாட்ஜின் அச்சுத் தொகுப்புகள் நாட்டின் பிற நூலகங்களில் பத்திரமாக இருந்தன. ஹாத்திடிரஸ்ட், இன்டர்நெட் ஆர்கைவ் ஆகிய மின்நூலகங்களில் இவற்றைத் தேடலாம். அயோவா மாநிலம் சீடர் ராப்பிட்ஸில் இருக்கும் ஃப்ரீமேசன் நூலகமும் மாசசூசெட்ஸின் லெக்சிங்டனில் இருக்கும் ஸ்காட்டிஷ் ரைட் அருங்காட்சியக நூலகமும் வெளியாட்களும் பயன்படுத்தக்கூடியவை. மாசசூசெட்ஸ் கிராண்ட் லாட்ஜின் உறுப்பினர் அட்டைகள் 1733 முதல் 1990 வரைக்கும் இணையத்தில் வந்துவிட்டன.

போர் வீரரைத் தேடுகிறவர்களுக்கு கிராண்ட் ஆர்மி ஆஃப் தி ரிபப்ளிக். உள்நாட்டுப் போரில் வடதரப்பில் போரிட்டு முறைப்படி விடுவிக்கப்பட்டவர்கள் மட்டும் சேர முடிந்த இந்தச் சங்கம் 1866-ல் இல்லினாயின் டிகேட்டரில் தொடங்கி, கடைசி உறுப்பினரான ஆல்பர்ட் உல்சன் 1956-ல் இறந்ததோடு முடிந்தது. ஒவ்வொரு போஸ்டிலும் விவரப் புத்தகம் ஒன்று உண்டு. வயது, பிறந்த இடம், தொழில், படையில் சேர்ந்த நாள், படைப்பிரிவு, விடுவிக்கப்பட்ட நாளும் காரணமும் அதில் வரிசையாக இருக்கும். சில போஸ்டுகள் உறுப்பினர்கள் தாங்களே சொன்ன போர் அனுபவங்களைப் பெரிய ஏடுகளில் எழுதி வைத்தன. மாநில ஆவணக் காப்பகங்களிலும் வரலாற்றுச் சங்கங்களிலும் கேளுங்கள்.

வேறு வாசல்கள்

ஆட் ஃபெலோஸும் யுனைடெட் ஒர்க்மெனும் வெள்ளையர்களை மட்டுமே சேர்ப்பது என்று விதியிலேயே எழுதி வைத்திருந்த சங்கங்கள். ஆகவே கறுப்பின முன்னோரை அந்தப் பேரேடுகளில் தேடி ஏமாறக் கூடாது. அவர்கள் தங்களுக்கென்று கட்டிய சங்கங்கள் உண்டு, அவை சில இடங்களில் வெள்ளையர் சங்கங்களைவிட வலுவாகவும் இருந்தன. 1775-ல் பாஸ்டனில் பிரின்ஸ் ஹாலும் அவரோடு பதினான்கு பேரும் பிரிட்டிஷ் படையோடு வந்திருந்த ஓர் ஐரிஷ் லாட்ஜில் சேர்ந்தார்கள். 1784-ல் இங்கிலாந்திலிருந்து உரிமைப் பத்திரம் பெற்றார்கள். அதிலிருந்து கிளைத்தவை பிரின்ஸ் ஹால் கிராண்ட் லாட்ஜுகள், இன்றும் தனி அமைப்பு. ஆட் ஃபெலோஸிலும் இப்படித்தான். 1843-ல் பீட்டர் ஆக்டன் என்ற கறுப்பினக் கப்பல் ஊழியரின் முயற்சியால் இங்கிலாந்திலிருந்து நேரடியாக உரிமம் பெற்றது கிராண்ட் யுனைடெட் ஆர்டர் ஆஃப் ஆட் ஃபெலோஸ். பெயரில் ‘கிராண்ட் யுனைடெட்’ என்றும் ‘இண்டிபெண்டண்ட்’ என்றும் இருக்கும் வேறுபாட்டைக் கவனிக்காவிட்டால் தேடல் தவறான இடத்துக்குப் போகும். வர்ஜீனியாவின் ரிச்மண்டில் மேகி லீனா வாக்கர் நடத்திய இண்டிபெண்டண்ட் ஆர்டர் ஆஃப் செயின்ட் லூக், காப்பீட்டோடு நிற்காமல் 1903-ல் சேமிப்பு வங்கியே தொடங்கியது. பெண்களை ஆண்களோடு சமமாகச் சேர்த்த சங்கம் அது. அடிமைமுறைக்குப் பின்வந்த முதல் தலைமுறைப் பெண்களைத் தேடுகிறவர்கள் அந்தப் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்.

குடியேறியவர்களுக்கு மொழிவாரிச் சங்கங்கள் இருந்தன. போலிஷ் நேஷனல் அலையன்ஸ் (1880), நேஷனல் ஸ்லோவாக் சொசைட்டி (1890), குரோஷியன் ஃபிரட்டர்னல் யூனியன் (1894), சன்ஸ் ஆஃப் நார்வே (1895), சன்ஸ் ஆஃப் இத்தாலி (1905) என்று பட்டியல் நீளும். அமெரிக்க அரசுப் பதிவு ‘ஆஸ்திரியா’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடும் இடத்தில், தன் நாட்டுக்காரர் ஒருவர் கேட்டு எழுதிய விண்ணப்பம் பிறந்த கிராமத்தின் பெயரைச் சரியான எழுத்துகளோடு வைத்திருக்கும். கிராமம் கிடைத்தால்தான் அங்கேயுள்ள தேவாலயப் பதிவுக்குப் போக முடியும். இந்தச் சங்கங்களின் ஆவணங்கள் பல, மினசோட்டா பல்கலைக்கழகத்தின் குடியேற்ற வரலாற்று ஆவணக் காப்பகத்தில் சேர்ந்திருக்கின்றன. கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் நியூயார்க்கில் ஊர்வாரியாகவே சங்கம் வைத்தார்கள். சங்கத்தின் பெயரே சொந்த ஊரின் பெயர், கல்லறை நிலமும் சங்கத்தின் பெயரில் வாங்கியது. முன்னோரின் கல்லறை எந்தச் சங்கத்தின் பகுதியில் இருக்கிறது என்று பார்த்தால் அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். இச்சங்கங்களின் ஆவணங்களுக்கு நியூயார்க்கில் யீவோ ஆய்வு நிறுவனம் முக்கியமான இடம்.

இங்கிலாந்திலும் சென்னையிலும்

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிந்தைய அச்சத்தில் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1799-ல் சட்டவிரோதச் சங்கங்கள் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஃப்ரீமேசன்களுக்கு அதிலிருந்து விலக்கு, ஆனால் ஒவ்வொரு லாட்ஜும் உறுப்பினரின் பெயர், வசிப்பிடம், தொழில் அடங்கிய பட்டியலை ஆண்டுதோறும் மாவட்ட நீதிமன்ற எழுத்தரிடம் கொடுக்க வேண்டும். இந்தக் கடமை 1967 வரை நீடித்தது. அந்தப் பட்டியல்கள் இன்று இங்கிலாந்தின் மாவட்ட ஆவணக் காப்பகங்களில் பொது ஆவணமாக இருக்கின்றன. சங்கத்திடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது இதன் பெரிய வசதி.

தலைமையகத்தின் பேரேடுகள் லண்டன் கிரேட் குயின் தெருவில் உள்ள அருங்காட்சியக நூலகத்தில் இருக்கின்றன. 1751 முதல் 1921 வரையானவை ஆன்செஸ்ட்ரி தளத்தில் தேடக் கிடைக்கும். அயர்லாந்து கிராண்ட் லாட்ஜின் பேரேடுகளும் 1733 முதல் 1923 வரை அதே தளத்தில் உள்ளன. ஐரிஷ் கத்தோலிக்கர்கள் இதில் இருக்க மாட்டார்கள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போப்பின் தடை 1738-லேயே வந்தாலும் அயர்லாந்தில் அது நெடுநாள் வரை கண்டிப்பாக நடப்புக்கு வரவில்லை. கத்தோலிக்கர்களின் தலைவரான டேனியல் ஓகானலே இளமையில் உறுப்பினராக இருந்தவர்.

ஆங்கில லாட்ஜுகளுக்குப் பலமுறை எண் மாற்றியிருக்கிறார்கள். 1814, 1832, 1863 ஆகிய ஆண்டுகளில் நடந்தவை முக்கியமானவை. ஒரே எண் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு லாட்ஜைக் குறிக்கும். ஜான் லேன் தொகுத்த அட்டவணை இதற்கென்றே இருக்கிறது, இணையத்திலும் பார்க்கலாம். அதைத் திறந்து பார்க்காமல் எண்ணை நம்ப வேண்டாம்.

இந்தப் பேரேடுகளில் சென்னை உண்டு. 1752-லேயே இங்கே லாட்ஜ் ஏற்பட்டுவிட்டது. 1786-ல் தொடங்கிய பெர்ஃபெக்ட் யுனானிமிட்டி லாட்ஜ் பெயர்பெற்றது. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜாவின் மகன் உம்தத்-உல்-உம்ரா 1770-களில் திருச்சிராப்பள்ளியில் உறுப்பினரானார். 1883-ல் இந்திய உறுப்பினர்களை முதன்மையாகக் கொண்டு கர்நாடிக் லாட்ஜ் சென்னையில் அமைந்தது. இந்தியாவுக்கென்று தனி கிராண்ட் லாட்ஜ் உருவானது 1961 நவம்பரில்தான். அதற்கு முன் இங்குள்ள லாட்ஜுகள் இங்கிலாந்து, அயர்லாந்து, ஸ்காட்லாந்து ஆகிய மூன்றில் ஒன்றின் கீழ் இயங்கின. ஆகவே சென்னையிலோ திருச்சியிலோ சேர்ந்த ஒரு வக்கீலின் பெயரும் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியரின் பெயரும் லண்டனிலோ டப்ளினிலோ எடின்பரோவிலோ இருக்கும்.

நம் பெயர்களைத் தேடுவது தனி வேலை. குடும்பப் பெயருக்கான கட்டத்தில் ஆங்கிலேய எழுத்தர் கடைசிச் சொல்லைப் போட்டுவிடுவார். நாயுடு, முதலியார், ஐயர், செட்டி, பிள்ளை என்பவை குடும்பப் பெயர்களாகி, சொந்தப் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் அந்தக் காலத்து ஆங்கில எழுத்துக்கூட்டல் நான்கைந்து உண்டு. அனைத்தையும் போட்டுப் பாருங்கள். பெயரால் அகப்படாவிட்டால் லாட்ஜைத் தேர்ந்துகொண்டு, தெரிந்த தொழிலையும் ஊரையும் வைத்துப் பக்கம் பக்கமாகப் படிப்பதே நம்பகமான வழி.

கடிதம் எழுதும்போது

இவை தனியார் அமைப்புகள். பதில் தரவேண்டும் என்ற கட்டாயம் எதுவும் அவர்களுக்கு இல்லை. பல இடங்களில் உங்கள் கடிதத்தைத் திறக்கப்போகிறவர் ஓய்வுபெற்ற ஒரு தன்னார்வலர். ஒரே பக்கத்தில் முடித்துவிடுங்கள். முன்னோரின் முழுப் பெயர், பிறந்த, இறந்த ஆண்டு, வாழ்ந்த ஊர், அவர் உறுப்பினர் என்று நீங்கள் நினைப்பதற்கான ஆதாரம், உங்களுக்கும் அவருக்கும் உள்ள உறவு. கல்லறைப் படத்தை இணைத்தால் வேலை பாதி முடிந்தது. ‘இருப்பதையெல்லாம் அனுப்புங்கள்’ என்று கேட்பதைவிட, விண்ணப்பத் தாளின் நகல் வேண்டும் என்று குறிப்பாகக் கேளுங்கள். இல்லாவிட்டால் மூன்று தேதிகள் கொண்ட ஒற்றை வரி வந்து சேரும், அத்தோடு கோப்பு மூடப்பட்டுவிடும். உயிரோடு இருப்பவரைப் பற்றிக் கேட்காதீர்கள். தேடிக் கொடுத்ததற்கு நன்கொடை அனுப்புவது முறை.

லாட்ஜ் மூடப்பட்டிருந்தால் அது எதனோடு இணைந்தது என்று மாநிலத் தலைமைச் செயலாளரிடம் கேளுங்கள். காப்பீடு கொடுத்த சங்கங்களில் சில பெயர் மாற்றிக்கொண்டும் இணைந்தும் இன்றும் காப்பீட்டு நிறுவனங்களாக நடக்கின்றன, பழைய கோப்புகள் அவர்களிடம் இருக்கக்கூடும்.

வருத்தம் தரும் பதிவுகள்

உறுப்பினர் பட்டியலே ஆளைப் பிடிக்கும் பட்டியலாகிப்போன காலமும் உண்டு. ஸ்பெயினில் 1940 மார்ச் 1-ல் ஃபிராங்கோவின் அரசு ஃப்ரீமேசன்களையும் பொதுவுடைமையாளர்களையும் ஒடுக்கச் சட்டம் போட்டுத் தனி நீதிமன்றம் அமைத்தது. அந்த வழக்குக் கோப்புகள் சலமாங்கா நகர ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிரான்சில் விஷி அரசு 1941-ல் ஃப்ரீமேசன் நிர்வாகிகளின் பெயர்களை அரசிதழிலேயே அச்சிட்டது, வேலையிலிருந்து விரட்டுவதற்காக. ஸ்பானிய, பிரெஞ்சு வம்சத்தவர்களுக்கு இவை முக்கியமான ஆவணங்கள். ஆனால் அவை எதற்காகத் தொகுக்கப்பட்டன என்பதையும் குடும்ப வரலாற்றில் சேர்த்து எழுதுவது நம் கடமை.

நேர்மாறானதும் கிடைக்கும். 1920-களில் வெள்ளையின வெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானும் சந்தாவும் சடங்கும் கொண்ட சகோதரச் சங்கமாகவே தன்னைக் காட்டிக்கொண்டு ஆள் சேர்த்தது. டென்வர் நகரக் கிளையின் 1924 முதல் 1926 வரையான உறுப்பினர் பேரேடுகளை கொலராடோ மாநில வரலாற்று நிறுவனம் 2021-ல் இணையத்தில் வெளியிட்டது. ஏறத்தாழ 30,000 பதிவுகள், வீட்டு முகவரியோடும் வேலை பார்த்த இடத்தோடும். அங்கே உங்கள் பாட்டனாரின் பெயர் இருந்தால் அதையும் எழுத வேண்டும். குறிப்பை நீக்கிவிட்டு மீதியை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்தால் அது வரலாறாகாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் இருவர் இருந்திருக்கலாம் என்பதால் முகவரியையும் தொழிலையும் ஊர் முகவரிப் புத்தகத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்தபிறகு எழுதுங்கள்.

மூடப்படும் லாட்ஜுகள்

பல ஊர்களில் உறுப்பினர்கள் குறைந்து கட்டடங்கள் விற்கப்படுகின்றன. புதிதாக வாங்கியவர் மாடியறையைக் காலி செய்யும்போது நூறாண்டுப் பேரேடுகள் குப்பை லாரியில் ஏறுகின்றன, அல்லது பழம்பொருள் கடையில் தோல் அட்டைக்காக விலை போகின்றன. இது எனக்கு உண்மையாகவே பதைப்பைத் தருகிறது. உங்கள் முன்னோரின் லாட்ஜ் மூடப்போகிறது என்று தெரிந்தால் மாநில வரலாற்றுச் சங்கத்துக்கும் அருகிலுள்ள பல்கலைக்கழக ஆவணப் பிரிவுக்கும் அன்றைக்கே எழுதுங்கள், செயலாளரையும் அவர்களோடு பேசவையுங்கள். ஏடுகள் உங்கள் கைக்கே வந்தால் ஈரமில்லாத அறையில் படுக்கை வாட்டில் அடுக்குங்கள். கிழிந்த தாளில் செலோடேப் ஒட்ட வேண்டாம். இடையில் செருகியிருக்கும் துண்டுச் சீட்டுகளை உருவி எடுக்காதீர்கள். நீங்கள் தேடுகிற வாரிசு நியமனத் தாள் அந்தச் செருகலாகவே இருக்கலாம், எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதுதான் அது யாருடையது என்று சொல்லும்.